பாக்கு மென்ற வாயில் மூத்துப்போன செல்கள்: வாய்ப்புற்றிலும் அதன் சிகிச்சையிலும் செல் மூப்பின் பங்கு

1978இல் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஷா ஆலம், அதற்குமுன் சுங்கை ரெங்கம் வட்டாரத்தின் ரப்பர், செம்பனைத் தோட்ட நிலம். அத்தகைய தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பலருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் பசியையும் அலுப்பையும் ஆற்றும் துணையாக இருந்தன. தோட்டம் போய் நகரம் வந்த பின்னும் பழக்கம் முழுதாக விலகவில்லை. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடையே, அதிலும் பெண்களிடையே, மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டிவந்துள்ளன. இந்நோயைப் பற்றிப் பேசும்போது புற்றுச் செல்லையே பார்த்துப் பழகிவிட்டோம். அதன் அடியில் கிடக்கும் மூத்துப்போன நார்ச்செல்லையும் சேர்த்துப் பார்க்காமல் நோயின் தொடக்கமும் விளங்காது, புதிய சிகிச்சைகளின் எல்லையும் விளங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மனித நார்ச்செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தால் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன. 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதை எழுதினார்கள். நின்ற செல் சாவதில்லை. உண்ணும், சுரக்கும், பிரிய மட்டும் மறுக்கும். இந்நிலையே செல் மூப்பு. நுண்ணோக்கியில் அது கல்லில் ஊற்றிய தோசைமாவைப் போலத் தட்டையாகப் பரந்து கிடக்கும். அதற்குரிய சாயமிட்டால் நீலம் பிடிக்கும். வயதுதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. புற்றைத் தூண்டும் ராஸ் மரபணுவை இயல்பான செல்லுக்குள் செலுத்தினால், பி53, பி16 என்னும் காவல் புரதங்கள் விழித்துச் செல்லை முன்கூட்டியே மூப்புக்குத் தள்ளுகின்றன என்று 1997இல் மானுவேல் செர்ரானோ குழுவினர் காட்டினர். அந்த அளவில் மூப்பு புற்றுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

தாழ்ப்பாளுக்கு மறுபக்கம் உண்டு. மூத்த செல் வாய்மூடிக் கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களையும், திசுவின் கொலாஜன் பின்னலை அறுக்கும் நொதிகளையும் சுற்றிலும் உமிழ்கிறது. ஜூடித் கம்பிசியின் ஆய்வுக்குழு 2001இலும் 2008இலும் வெளியிட்ட கட்டுரைகள் இதை நிலைநாட்டின. புற்றுக்கு முந்தைய நிலையிலுள்ள அண்டைச் செல்கள் இந்தச் சுரப்பில் ஊக்கம் பெற்று வளர்கின்றன.

பாக்கு மெல்பவரின் வாயில் இது எப்படி நடக்கிறது? முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு உட்கன்னம் வெளிறும். விரலால் தடவினால் தோலுக்கடியில் கயிறு ஓடுவது போன்ற இறுக்கம் தட்டுப்படும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழைவதே பாடாகும். கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் 1952இல் ஷ்வார்ட்ஸ் விவரித்த இந்நோய் இன்று வாய்ச்சவ்வு நாரிறுக்கம் எனப்படுகிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட நோயாளிகளைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்கு அது புற்றாக மாறியது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியதை 2004இல் வெளியான அதன் தொகுதி விரித்துரைத்தது. ‘புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குதான்’ என்ற ஆறுதலுக்கு அதன்பின் இடமில்லை.

இந்த இறுகிய திசுவில் மூத்த நார்ச்செல்கள் குவிந்திருப்பதை லண்டனின் கென் பார்க்கின்சன், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திலகரத்ன உள்ளிட்ட குழு 2011இல் அறிவித்தது. சுபாங் ஜெயாவின் கேன்சர் ரிசர்ச் மலேசியாவைச் சேர்ந்த லிம் குவே பெங்கும் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியருள் ஒருவர். வியப்பு அடுத்த முடிவில் இருக்கிறது. அம்மூத்த செல்கள் சுரக்கும் நொதிகள் கொலாஜனை அறுத்து இறுக்கத்தைத் தளர்த்தவும் வல்லவை. ஆனால் கொலாஜனை அறுக்கும் அதே கத்தி புற்றுச் செல் ஊடுருவவும் வழி வெட்டக்கூடும். 2013இல் இதே ஆய்வாளர்களில் சிலர் இணைந்து எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி சென்றது: மரபணுச் சிதைவு மிகுந்த வாய்ப்புற்றுச் செல்களே ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளால் பக்கத்து நார்ச்செல்களை மூப்படையச் செய்கின்றன. முதலில் பாக்கு மூப்பை உண்டாக்குகிறது. பிறகு புற்றே அதை வளர்க்கிறது.

பாக்கை நிறுத்திய பின்னும் இறுக்கம் பெரும்பாலும் முழுதாக மீள்வதில்லை. சேதத்தை ஏற்படுத்திய பொருள் போனாலும் மூத்த செல் திசுவிலேயே தங்குவது அதற்கு ஒரு காரணமாகலாம் என்று கருதுகிறேன்.

சிகிச்சைக்கும் இந்த இரட்டைத்தன்மை பொருந்தும். வாய்ப்புற்றுக்குத் தரும் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் மருந்தும் செல்களைக் கொல்வதோடு ஒரு பகுதியை மூப்புக்கும் தள்ளுகின்றன. கட்டி சுருங்கும், நல்லதுதான். ஆனால் மூப்பிலிருந்து தப்பிய ரத்தப்புற்றுச் செல்கள் முன்னிலும் வீரியமாக வளர்வதை 2018இல் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் கண்டனர். வேதிச்சிகிச்சைக்குப்பின் மூத்த செல்களை நீக்கிய எலிகளில் புற்று மீள்வது குறைந்ததை 2017இல் மார்கோ டெமாரியா குழு காட்டியது. மூத்த செல்களைக் களையெடுக்கும் மருந்துகளாக டசாட்டினிப்–குவெர்செட்டின் இணை 2015 முதல் பேசப்படுகிறது. நாவிட்டோகிளாக்ஸும் ஆராயப்பட்டது; ஆனால் அது ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கிறது.

இவற்றை அப்படியே பாக்கு மென்ற வாய்க்குக் கொண்டுவரலாமா? அவசரப்படக் கூடாது என்பதே என் முடிவு. புற்று இன்னும் தோன்றாத இறுகிய வாயில் மூத்த செல்லை அழித்தால் இறுக்கத்தைத் தளர்த்தும் நொதியும் போகும்; நோயாளி வாயைத் திறக்க முடியாமல் அவதிப்படலாம். புற்று தோன்றிவிட்ட வாயிலோ, கதிர்வீச்சு முடிந்த பின்னோ, அதே மருந்து பயன்தரக்கூடும். எலியிலிருந்தோ ஐரோப்பியரின் திசுவிலிருந்தோ இதைத் தீர்மானிக்க இயலாது. ஷா ஆலம் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் நோயாளிகள் மனமுவந்து தரும் திசுவை நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆய்வுக்குக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பாக்கு போடும் பாட்டியோ அத்தையோ இருந்தால், வாயைத் திறக்கச் சொல்லி அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் எரிகிறது என்றாலோ, இந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.