அயர்லாந்தின் வட்டக் கோட்டைகள்

மண்கரையாலோ கற்சுவராலோ வட்டமாக வளைக்கப்பட்ட பழங்காலக் குடியிருப்புகளே அயர்லாந்தின் வட்டக் கோட்டைகள். அந்நாட்டு ஊர்ப்புறங்களில் மிக அதிகமாகக் காணப்படும் தொல்லியல் சின்னம் இதுதான். தீவு முழுவதும் ஏறத்தாழ 45,000 இடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கி.பி. 550-க்கும் 900-க்கும் இடைப்பட்ட காலத்தவை. கோட்டை என்று அழைக்கப்பட்டாலும், இவற்றில் பெரும்பகுதி போருக்காகக் கட்டப்பட்டதல்ல. உழவர் குடும்பங்கள் ஆடுமாடுகளோடு வாழ்ந்த வேலியிட்ட வீடுகளே இவை.

அமைப்பும் வகைகளும்

மண்வளம் மிக்க பகுதிகளில் சுற்றிலும் அகழி வெட்டி, அந்த மண்ணையே உட்புறம் கரையாகக் குவித்தார்கள். இவை ராத் அல்லது லிஸ் எனப்படும். பாறை மிகுந்த மேற்குப் பகுதிகளில் சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அவை காஹெர் அல்லது கேஷல். ராத்ஃபார்ன்ஹாம், லிஸ்மோர் போன்ற ஊர்ப்பெயர்களில் இச்சொற்கள் இன்றும் வழங்குகின்றன.

உள்வெளியின் குறுக்களவு பெரும்பாலும் 30 மீட்டரை ஒட்டியிருக்கும். உள்ளே, கொப்புகளைப் பின்னிய தட்டிச் சுவர்களால் ஆன வட்ட வீடுகள் இருந்தன. ஆன்ட்ரிம் மாவட்டத்தின் டியர் பார்க் ஃபார்ம்ஸ் அகழாய்வில், 7-ஆம் நூற்றாண்டு வீடுகளின் தட்டிச் சுவர்கள் ஈர மண்ணில் மக்காமல் கிடைத்தன. சில கோட்டைகளில் கல் பாவிய சுரங்க அறைகளும் உண்டு. உணவைக் குளிர்ச்சியாக வைக்கவும் ஆபத்தில் ஒளியவும் அவை பயன்பட்டன.

மாடே செல்வமாக இருந்த சமூகம் அது. மாடு கவர்தல் வழக்கமாக நடந்ததால், இரவில் மந்தையைக் காக்க இந்த வளைப்பு உதவியது. இரண்டு மூன்று கரைகள் கொண்டவை உரியவரின் உயர்ந்த தகுதியைக் காட்டின. கார்க் மாவட்டத்தின் காரன்ஸ் அத்தகைய மூன்று கரைக் கோட்டை. 1937-இல் சான் ஓ ரியோர்டன் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து வந்த மட்கலத் துண்டுகளும் உலோகத் தொழில் நடந்த தடயங்களும் கிடைத்தன.

முக்கிய இடங்கள்

கெர்ரி மாவட்டத்தின் ஸ்டேக் கோட்டை கட்டுமானத் திறனுக்குச் சிறந்த சான்று. அதன் சுவர் சுமார் 4 மீட்டர் தடிமனும், உயர்ந்த பகுதியில் 5.5 மீட்டர் உயரமும் கொண்டது. உட்புறச் சுவரில் ஏறி இறங்கக் கற்படிகள் உள்ளன. அதே மாவட்டத்தில் காஹெர்சிவீன் ஊருக்கு அருகே, காஹெர்கால், லெக்கனபுவாலா என்ற இரு கற்கோட்டைகளை ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

கிளேர் மாவட்டத்தில், சுண்ணாம்புப் பாறைகள் நிறைந்த பர்ரன் பகுதியில் காஹெர்காமன் உள்ளது. பள்ளத்தாக்கின் விளிம்பில் மூன்று சுவர்களோடு நிற்கும் இதை, 1934-இல் ஹார்வர்டு குழுவினர் அகழ்ந்தனர். அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் மிகப் பெரும்பகுதி மாட்டெலும்பு.

டோனிகலில் மலையுச்சியிலுள்ள கிரியனான் ஆஃப் அய்லெக், வட்டாரத்தை ஆண்ட அரசர்களின் இருப்பிடம். 1101-இல் மன்ஸ்டர் மன்னர் முர்ஹெர்தக் ஓ பிரையன் அதை இடித்தார். இன்று காணும் சுவர் பெரும்பாலும் 1870-களில் மருத்துவர் வால்டர் பெர்னார்டு திருப்பிக் கட்டியது.

அரன் தீவுகளில் ஒன்றான இனிஷ்மோரில், செங்குத்துக் கடற்பாறையின் விளிம்பில் டூன் ஏங்கஸ் நிற்கிறது. இதன் தொடக்கம் பெரும்பாலான வட்டக் கோட்டைகளைவிட மிகப் பழமையானது. கி.மு. 1100 அளவிலேயே இவ்விடம் வளைக்கப்பட்டது. பகைவரைத் தடுக்க நெருக்கமாக நட்ட கூரிய கற்கள் இன்றும் அதைச் சூழ்ந்துள்ளன.

நம்பிக்கையும் பாதுகாப்பும்

இத்தனை கோட்டைகள் எஞ்சியதற்கு நாட்டார் நம்பிக்கை முக்கியக் காரணம். ஃபேரி எனப்படும் மாய மாந்தர் இவற்றில் வாழ்வதாகவும், கரையை உடைப்பவருக்கும் அங்குள்ள முள்மரத்தை வெட்டுபவருக்கும் தீங்கு நேரும் என்றும் மக்கள் நம்பினார்கள். அதனால் பல தலைமுறை உழவர்கள் அவற்றைச் சுற்றியே ஏர் ஓட்டினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் கனரக இயந்திரங்கள் வந்தபின் பல கோட்டைகள் சமன் செய்யப்பட்டன. அயர்லாந்துக் குடியரசில் 1930-ஆம் ஆண்டின் தேசிய நினைவுச்சின்னச் சட்டம் இவற்றுக்குப் பாதுகாப்பு தந்தது.

பார்வையிடுதல்

புகழ்பெற்ற கோட்டைகளை மட்டும் பார்த்தால் இந்த வாழ்க்கைமுறை புரியாது. வயல் நடுவிலுள்ள சிறிய மண்கோட்டை ஒன்றையாவது பார்ப்பது அவசியம். செடிகொடிகள் அடங்கியிருக்கும் குளிர்காலத்தில், வெயில் சாய்வாக விழும் வேளையில், தேய்ந்த கரைகளும் தெளிவாகத் தெரியும். நில அளவை வரைபடங்களில் இவை குறிக்கப்பட்டுள்ளன.

பெரும்பாலானவை தனியார் நிலத்தில் இருப்பதால் உரிமையாளரின் அனுமதி பெற வேண்டும். திறந்த படலை மூடிவிட்டுச் செல்ல வேண்டும், ஆடுகள் மேயும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது. சாந்தில்லாத சுவரில் ஏறினால் கற்கள் சரியும். டூன் ஏங்கஸின் பாறை விளிம்பில் தடுப்புவேலி இல்லாததால் அங்கே மிகுந்த கவனம் தேவை. அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியைப் பயன்படுத்துவது குற்றம். இந்தக் கோட்டைகளில் மிகச் சிலவே முறையாக அகழப்பட்டுள்ளன. மற்றவற்றின் வரலாறு இன்னும் கலையாத மண்ணடுக்குகளிலேயே இருப்பதால், கல்லையோ மண்ணையோ அசைக்காமல் திரும்புவது ஒவ்வொரு பயணியின் கடமை.