சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்?



ஜவ்வாது மலையில் ஆசிரியராக இருந்த காலத்தில் எங்களுக்கு ஜீப்பும் பிக்கப் வண்டியும்தான் பஸ். சாமை மூட்டை, புளி மூட்டை, அவற்றின் மேல் வாத்தியார். ஐப்பசி மழையில் செம்மண் பாதையில் வண்டி சிக்கிவிட்டால், ஒரு பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் இருக்கும் இன்னொன்று அசையாது. பிரசவ வலியோடு ஒரு பெண் உள்ளே இருந்தால், டோலி கட்டித் தூக்க வேண்டியதுதான்.

நல்ல சக்கரம் ஏன் சும்மா நிற்கிறது? காரணம், டிஃபரன்ஷியல்.

பிள்ளைகளை வரிசையாகக் கைகோத்து வளைவில் நடக்கச் சொல்லுங்கள். வெளி ஓரத்துப் பிள்ளை ஓட வேண்டும், உள் ஓரத்துப் பிள்ளை மெதுவாக நடந்தால் போதும். வண்டிச் சக்கரங்களுக்கும் இதே கணக்கு. பிரான்சின் பெக்கர் என்பவர் 1820-களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இந்தப் பற்சக்கர அமைப்பை உருவாக்கினார். இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே அளவு இழுவிசைதான் போகும். சேற்றில் உள்ள சக்கரத்தைச் சுற்றக் கொஞ்சம் விசை போதும். நல்ல சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சமே கிடைக்கும்.

இதற்கு மாற்று பந்தயத் திடலில் பிறந்தது. 1930-களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேவுக்கு, வேகம் எடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுற்றுவது பெரிய தலைவலி. இசட்.எஃப். நிறுவனம் 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரன்ஷியலைச் செய்து கொடுத்தது. அமெரிக்காவில் 1956-ல் பேக்கார்ட் காரிலும், 1957-ல் செவர்லேயில் 'பாசிட்ராக்ஷன்' என்ற பெயரிலும் வந்தது. 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற 'மஸில்' கார்களை வாங்கியவர்கள் கூடுதல் பணம் கொடுத்து இதைப் பொருத்திக்கொண்டார்கள்.

எங்கள் மலைக்கு வந்த பழைய ஜீப்புகளில் இது இல்லை. மகிந்திரா 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் என்று பெயர். ஆனால் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினால் அந்த ஜீப்பும் நின்றுவிடும். 2015-ல் வந்த மகிந்திரா தாரில்தான் ஈட்டன் நிறுவனத்தின் தானாகப் பூட்டிக்கொள்ளும் பின் டிஃபரன்ஷியல் வந்தது. பந்தயக் காரிலிருந்து நம் மலை வண்டிக்கு வர ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்!

பழைய வண்டி வைத்திருக்கும் தம்பிகள் எது நல்லது என்று கேட்கிறார்கள். கிளட்ச் தட்டு வகை வளைவுகளில் மென்மையாக நடக்கும். ஆனால் தட்டு தேயும், தனி எண்ணெய் வேண்டும். டார்சன் போன்ற பற்சக்கர வகையில் தேய்மானம் மிகக் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிவிட்டால் பெரிதாக உதவாது. பாறையும் பள்ளமுமான எங்கள் பாதைகளில் அது அடிக்கடி நடக்கும். அங்கே முழுதாகப் பூட்டும் வகையே கைகொடுக்கும். தார்ச்சாலையில் மட்டும் ஓடும் பழைய காருக்கு முதல் இரண்டில் ஒன்று போதும்.

பழைய வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி. முன்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, இரு பின்சக்கரங்களையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் பெரும்பாலும் சாதாரண வகை. ஒரே பக்கம் சுற்றினால் பெரும்பாலும் கிளட்ச் தட்டு வகை. ஆனால் தானாகப் பூட்டும் ஈட்டன் வகையும் இந்தச் சோதனையில் சாதாரண வகை போலவே தெரியும். சக்கரங்களின் வேகத்தில் பெரிய வித்தியாசம் வந்தால்தான் அது பூட்டும்.

நல்ல சாலை வேண்டும் என்ற மலை மக்களின் கோரிக்கைக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. ஆனால் அந்தச் சாலை வரும்வரை, நோயாளியை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் வண்டியின் இரண்டு சக்கரமாவது சேர்ந்து இழுக்கட்டும்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டும் நண்பர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள்.