ஓக் மேசைக்கு ஏறிய அரக்கு

ஓக் கொஞ்சம் முரட்டு மரம். வசந்த காலத்தில் வளரும் அதன் பகுதியில் பெரிய குழாய்கள் ஓடுவதால், எவ்வளவு இழைத்தாலும் பலகையில் துளைகள் கண்ணுக்குத் தெரியும். பூசும் வார்னிஷ் அவற்றில் இறங்கி, மேற்பரப்பு குழிகுழியாக நிற்கும். ஆங்கிலேயர்கள் நீண்ட காலம் தேன்மெழுகும் எண்ணெயும் தேய்த்து, கிடைத்த மினுமினுப்போடு திருப்திப்பட்டார்கள். கண்ணாடிப் பளபளப்பு அங்கே போய்ச் சேர, இந்தியாவிலிருந்து ஒரு பூச்சி கப்பலேற வேண்டியிருந்தது.

புரசு, இலந்தை மரக் கிளைகளில் சாறு குடித்து, தன்மேல் பிசினைப் போர்த்திக்கொள்ளும் அரக்குப்பூச்சிதான் அது. பாண்டவர்களுக்காகத் துரியோதனன் கட்டுவித்த மாளிகையால் அரக்கு எப்படி எரியும் என்பது நமக்குத் தெரியும். அது எப்படி உண்டாகிறது என்பதில்தான் வெளிநாட்டார் தடுமாறினார்கள். 1563-ல் கோவாவில் நூல் வெளியிட்ட போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, எறும்புகளின் வேலை என்றார். பூச்சியை முறையாக விவரித்து லண்டனுக்கு எழுத, பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் 1781-ல்தான் வந்தார்.

நம் கடைசல்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகிப் படிந்துவிடும். அம்பாசமுத்திரத்து மரச்செப்புகள் வண்ணம் பெற்றது இப்படித்தான். ஆனால் சாப்பாட்டு மேசையைக் கடைசலில் மாட்ட முடியுமா?

வழி காட்டியது ஒரு போலி. 17-ஆம் நூற்றாண்டில் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் கொண்டுவந்த ஜப்பான், சீனப் பெட்டிகளின் பளபளப்புப் பூச்சைக் கண்டு ஐரோப்பியச் சீமான்கள் சொக்கிப்போனார்கள். அந்தப் பூச்சுக்கான மரப்பால் ஐரோப்பாவில் கிடையாது. நீண்ட கடற்பயணத்தையும் அது தாங்காது. 1688-ல் ஸ்டாக்கர், பார்க்கர் என்ற இருவர் வெளியிட்ட செய்முறை நூல், அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் திரும்பத் திரும்பப் பூசச் சொன்னது. ஜப்பானைக் காப்பியடிக்க இந்தியப் பூச்சி!

கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ அரக்கின் சிவப்புச் சாயத்தின் மேல்தான் கண். செயற்கைச் சாயங்கள் வந்து அந்த வியாபாரத்தைக் கவிழ்த்த பிறகு, பிசினே முதன்மைச் சரக்கானது.

அதற்குள் பாரிஸிலிருந்து இன்னொரு கைப்பழக்கம் லண்டனுக்குத் தொற்றியிருந்தது. துணியில் பஞ்சைச் சுற்றி, நீர்த்த அரக்கில் நனைத்து, சொட்டு ஆளிவிதை எண்ணெய் விட்டு, வட்டமாகவும் எட்டுப் போட்டும் தேய்ப்பார்கள். நம் ஆசாரிகளும் சொல்லும் பிரெஞ்ச் பாலிஷ் அதுதான். மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மகோகனி இதற்கு இணங்கியது. ஓக்குக்கு முதலில் வண்ணம் கலந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் துளைகளில் திணித்து, உப்புத்தாள் போட வேண்டும். சில பழைய மரச்சாமான்களில் அந்த பிளாஸ்டர் பின்னாளில் வெள்ளைப் புள்ளிகளாக எட்டிப் பார்த்து, பாலிஷ்காரரின் ரகசியத்தைப் போட்டு உடைத்தது.

சாராயத்துக்கான வரி இத்தொழிலுக்குப் பெரிய பாரம். 1855-ல் பிரிட்டன், மர நாப்தா கலந்து குடிக்க லாயக்கில்லாமல் ஆக்கிய ஸ்பிரிட்டுக்கு வரிவிலக்கு அளித்தது. குடிகாரர்களுக்குப் பயந்து செய்த கலப்படம், பாலிஷ் பட்டறைகளுக்கு வரமாயிற்று. இந்தப் பளபளப்பில் எல்லோரும் மயங்கிவிடவில்லை. அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் கஸ்டவ் ஸ்டிக்லி, ஓக் ஓக்காகவே தெரியட்டும் என்று அம்மோனியா ஆவியில் அதைக் கருக்க வைத்தார். மரத்தின் துவர்ப்புப் பொருளும் ஆவியும் கூடித் தரும் நிறம் அது. என் ஓட்டு அவருக்கே.

பிறகு, அரக்கிலேயே வார்க்கப்பட்ட இசைத்தட்டுகள் அந்தச் சரக்குக்குப் போட்டி போட வந்தன. அரக்குக்கு மாற்றுத் தேடிய வேதியியலாளர் லியோ பேக்லண்ட் 1907-ல் பேக்கலைட் பிளாஸ்டிக்கில் போய் முட்டினார். மரச்சாமான் பட்டறைகளைப் பிடித்தது வேறொன்று: வெடிமருந்துப் பஞ்சின் உறவான நைட்ரோசெல்லுலோஸ். 1920-களில் கார்களுக்குத் தெளித்த விரைந்து உலரும் இந்தப் பூச்சு, அப்படியே மேசை நாற்காலிகளுக்கும் தாவியது. பஞ்சு உருட்டும் கைகள் குறைந்தன. அரக்கு ஒன்றும் வேலையில்லாமல் உட்காரவில்லை. மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் கடை ஆப்பிள்களுக்கும் மினுமினுப்பு ஏற்றப் போய்விட்டது.