மூச்சைக் காத்த கயிறு

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் ஒருவர் கல்லோடு கடலுக்குள் இறங்குவார். ஒரு நிமிஷத்துக்கும் மேல மூச்சடக்கி சிப்பி அள்ளுவார். தோணியில் இன்னொருவர் கயிறு பிடிச்சிருப்பார். கீழே இருந்து ஒரு சுண்டு வந்தா, உடனே தூக்கணும். முகமும் தெரியாது, மூச்சும் கேட்காது. அதனாலதான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பாங்கன்னு சொல்வாங்க. அக்கா தங்கச்சி வாழ்க்கையாச்சே! தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல்.

1975-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் லின், உடம்பைத் தொடாமல் மைக்ரோவேவ் அலையால் மூச்சை அளந்து காட்டினார். மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் ஏறி இறங்கும். பட்டுத் திரும்பும் அலை அதற்கேற்ப மாறும். அதை எண்ணினால் நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு தெரியும்.

2015 நேபாள நிலநடுக்கத்தில், நாசாவின் ‘ஃபைண்டர்’ ரேடார் இடிபாட்டுக்குள் இதயத்துடிப்பைக் கண்டுபிடிக்க, 4 பேர் மீட்கப்பட்டாங்க.

தீக்காயப்பட்டவருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் தோலில் எதையும் ஒட்டாமலே மூச்சை எண்ண முடியுறது பெரிய விஷயம். ஆனா நோயாளி புரண்டு படுத்தா ரேடார் குழம்பும். எண் குறைஞ்சா அலாரம் அடிக்கும், அவ்வளவுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு அதைக் கேட்டு ஓடிவர வார்டில் ஒரு நர்ஸ் வேணும். கயிற்றின் மறுமுனையில் இப்பவும் ஒரு மச்சான் தேவை.