சர்வதேச உறவுகள் மேற்படிப்பு: சாதியை ஆராய விரும்பும் மாணவர் அறிய வேண்டியவை

போர், உடன்படிக்கை, வணிகம், எல்லை ஆகியவற்றை ஆராயும் துறை என்றே சர்வதேச உறவுகள் பொதுவாக அறிமுகப்படுத்தப்படுகிறது. சாதி உள்நாட்டு விவகாரம் என்பதால் அதற்கு இத்துறையில் இடமில்லை என்று கருதுவோர் பலர். ஆனால், சாதி உள்நாட்டு விவகாரமா, உலகின் மனித உரிமைப் பிரச்சினையா என்பதே இந்திய அரசு பன்னாட்டு அரங்குகளில் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கு. அரசியல் அறிவியலிலும் சர்வதேச உறவுகளிலும் மேற்படிப்புக்குச் செல்லும் தலித் மாணவர்கள், துறையின் வரலாற்றையும் அதனுள் நுழையும் வழிகளில் உள்ள தடைகளையும் அறிந்துகொள்வது அவசியம்.

துறையின் பிறப்பு

சர்வதேச அரசியலுக்கான முதல் பேராசிரியர் இருக்கை 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் நிறுவப்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின் அமைதியை நாடிப் பிறந்த துறை என்றே பாடநூல்கள் இதனைக் கூறும். மற்றொரு வரலாறும் உண்டு. இன்று புகழ்பெற்று விளங்கும் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழின் முன்னோடி, 1910இல் 'ஜர்னல் ஆஃப் ரேஸ் டெவலப்மென்ட்' என்ற பெயரில் வெளிவந்தது. இனப் படிநிலையும் காலனி ஆட்சியும் இத்துறையின் தொடக்கக் கேள்விகளாக இருந்தன. பின்னரே அவை பாடத்திலிருந்து மறைந்தன. இந்தியாவில் 1955இல் தொடங்கப்பட்ட சர்வதேச ஆய்வுப் பள்ளி, 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

அம்பேத்கரின் தடம்

1913இல் பரோடா அரசரின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல் அம்பேத்கர், தமது முனைவர் பட்ட ஆய்வை அங்குள்ள அரசியல் அறிவியல் புலத்திலேயே அளித்தார். 1946இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.விடம் அளித்த மனு குறித்து டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களின் சார்பிலும் அத்தகைய மனுவை அளிக்கும் எண்ணம் அதில் வெளிப்பட்டது. 1951இல் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகியபோது அளித்த அறிக்கையில் அரசின் அயலுறவுக் கொள்கையையும் அவர் விமர்சித்தார். ஆண்டு வருவாயான 350 கோடி ரூபாயில் 180 கோடி இராணுவத்துக்குச் செல்வதை அவர் சுட்டிக்காட்டினார். அயலுறவுக் கொள்கையின் செலவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி அதில் அடங்கியுள்ளது. ஆயினும், இந்திய அயலுறவுச் சிந்தனை பற்றிய வகுப்புகளில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெறுகிறது.

ஐ.நா.வில் சாதி

1965ஆம் ஆண்டின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையின் முதல் பிரிவில் 'வம்சாவளி' என்ற சொல் சேரக் காரணம் இந்தியாவே. அச்சொல் சாதியையும் உள்ளடக்கும் என உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 1996இல் கூறியபோது, இந்தியா அதனை ஏற்க மறுத்தது. 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் திரளாகச் சென்றன; சாதி மாநாட்டின் ஆவணத்தில் இடம்பெறுவதை இந்திய அரசு எதிர்த்தது. 2002இல் அக்குழு தனது 29ஆவது பொதுப் பரிந்துரையில் சாதியை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. இறையாண்மை என்ற கருத்து யாரைக் காக்கிறது, யாருடைய குரலை அடைக்கிறது என்பதை ஆராய இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது.

சேர்க்கையும் நேர்காணலும்

2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முதுகலைச் சேர்க்கை க்யூட் என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழி நடக்கிறது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நெட் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என 2024இல் யு.ஜி.சி. அறிவித்தது. இதன்படி தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிடப்படும். இளநிலை ஆய்வு நல்கை பெறும் அளவு உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கோ நேர்காணல் மட்டுமே. அந்த 30 விழுக்காட்டில்தான் சாதி உள்ளே நுழைய இடம் இருக்கிறது. ஜே.என்.யூ. அமைத்த அப்துல் நஃபே குழு, எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் இடையிலான மதிப்பெண் வேறுபாடு பாகுபாட்டைச் சுட்டுவதாகக் கண்டு, நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறைக்க 2016இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த யு.ஜி.சி. விதிமுறைகள் எதிர்த்திசையில் சென்றன: எழுத்துத் தேர்வு வெறும் தகுதித் தேர்வானது, இறுதித் தேர்வு நேர்காணலின் கையில் விடப்பட்டது. போராட்டங்களுக்கும் வழக்குகளுக்கும் பின்னரே, 2018இல், 70:30 என்ற விகிதம் வந்தது.

உதவித்தொகையும் தலைப்பும்

வெளிநாட்டுப் படிப்புக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதன்மையானது. மொத்தமுள்ள 125 இடங்களில் 115 பட்டியல் சாதியினருக்குரியவை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருத்தல், தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், 35 வயதுக்குட்பட்டிருத்தல் ஆகியவை முக்கிய விதிகள். பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கே உண்டு என்பதால், தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் அந்த 115 இடங்களுக்கு விண்ணப்பிக்க இயலாது.

2022இல் வந்த மாற்றம் இன்னும் கடுமையானது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இவ்வுதவித்தொகை இல்லை என அரசு அறிவித்தது. இந்தியாவிலேயே இவற்றுக்கு வேண்டிய நூல்களும் அறிஞர்களும் உள்ளனர் என்பது அதன் வாதம். நடைமுறையில், சாதியை ஆராய விரும்பும் தலித் மாணவரே முதலில் விலக்கப்படுகிறார். வசதி படைத்த குடும்பத்து மாணவர் சொந்தப் பணத்தில் அதே தலைப்பை அயல்நாட்டில் ஆராயலாம். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆய்வுக்கு உட்படும் சமூகம் ஆய்வாளராகும் வழியே இங்கு குறுக்கப்படுகிறது.

எனவே, விண்ணப்பிக்கும் முன் அவ்வாண்டின் வழிகாட்டு நெறிகளை முழுமையாகப் படிக்க வேண்டும். மாநில அரசின் திட்டங்களையும், பல்கலைக்கழகங்கள் நேரடியாக அளிக்கும் நிதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். உடன்படிக்கைகள், ஐ.நா. குழுக்களின் நடைமுறைகள், நேபாளம், பிரிட்டன் போன்ற நாடுகளின் சாதிப் பாகுபாட்டுச் சட்ட விவாதங்கள் ஆகியவை இத்துறைக்கே உரிய ஆய்வுக் களங்கள். மாணவர் அமைப்புகளுக்குரிய பணி வேறு: நேர்காணல் மதிப்பெண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி ஆண்டுதோறும் கேட்டுப் பெறுவதும், 2022ஆம் ஆண்டின் தடையை நீக்கக் கோருவதும் அவற்றின் உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும்.