சட்டத்துக்கு விடையளித்த சதுப்பு நிலம்

மனிதன் ஊர் அமைத்து வாழத் தொடங்கிய நாள்தொட்டு இருவகை நீர் அவனைத் தொடர்ந்து வந்துள்ளது. ஒன்று அவன் தேடிச் செல்லும் நீர். மற்றொன்று அவன் ஒதுக்கித் தள்ளும் நீர். குடிநீருக்கெனக் குளம் தொட்டவர்களையும் அணை கட்டியவர்களையும் வரலாறு போற்றுகின்றது. கழிவுநீரின் கதையை எழுதப் புகுந்தோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு நகரின் பொறுப்புணர்வை அளந்தறிய விரும்புவோர் அந்நகர் தான் அழுக்காக்கிய நீரை என்ன செய்கின்றது என்று பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கலிபோர்னிய மாநிலத்தின் வடகடலோரத்தில் உள்ள ஆர்கேட்டா என்னும் சிறு நகரின் வரலாறு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

குடாவும் கழிவும்

ஆர்கேட்டா, ஹம்போல்ட் குடாவின் வடகரையில் 1850ஆம் ஆண்டில் தோன்றிய ஊர். வானுயர்ந்த ரெட்வுட் மரங்களும் அவற்றை அறுக்கும் ஆலைகளும் அதற்கு வாழ்வளித்தன. குடாவின் ஆழமற்ற நீரிலோ சிப்பி வளர்ப்புத் தொழில் செழித்தது. அதே குடாவில்தான் ஊரின் கழிவுநீரும் நெடுங்காலம் தூய்மை செய்யப்படாமலே கலந்து வந்தது. 1949இல் திண்மக் கழிவைப் படியவைத்துப் பிரிக்கும் முதனிலைத் தூய்மிப்பு நிலையம் எழுந்தது. 1957இல் 55 ஏக்கர்ப் பரப்பில் உயிர்வளிக் குளங்கள் அமைந்தன. 1966இல் குளோரின் இட்டு நோய்க்கிருமிகளை அழிக்கும் முறையும் சேர்ந்தது. ஒரு சிறு நகர் தன் வருவாய்க்கு ஏற்பப் படிப்படியாகச் செய்த பணி இது.

அளவுகோலின் வரலாறு

தூய்மைக்கு அளவுகோல் யாது? இவ்வினாவுக்கு இங்கிலாந்தில் அமைக்கப்பட்ட கழிவுநீர் பற்றிய அரச ஆணைக்குழு 1912இல் வெளியிட்ட தன் எட்டாம் அறிக்கையில் விடை கூறிற்று. ஆற்றில் விடப்படும் நீரில் மிதக்கும் திண்மப் பொருள்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராமையும், கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஈர்த்துக்கொள்ளும் உயிர்வளி 20 மில்லிகிராமையும் கடத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. கழிவு மிகுந்தால் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உண்டு தீர்க்கும். மீன்கள் மூச்சடைத்து மடியும். இவ்வுண்மையே அவ்வெண்களுக்கு அடிப்படை. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகள் இரண்டுக்கும் 30 மில்லிகிராம் என்ற மாதச் சராசரியை வகுத்தன.

இங்கேதான் சிறு நகர்களுக்குச் சிக்கல் தோன்றியது. உயிர்வளிக் குளங்களைக் கட்டுவது எளிது. நடத்தும் செலவும் குறைவு. அக்குளங்களில் வெயிலால் பாசி வளர்கின்றது. அப்பாசி வெளியிடும் உயிர்வளியைக் கொண்டே நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. ஆனால், அதே பாசி நீரோடு வெளியேறும்போது, திண்மப் பொருள் எனக் கணக்கில் ஏறிவிடுகின்றது. நோய் தீர்த்த மருந்தே புதிய நோயாக எண்ணப்படும் நிலை அது!

பெருந்திட்டமும் சிறு நகரும்

1974இல் கலிபோர்னிய மாநில நீர்வள வாரியம் இன்னுமொரு கட்டளை பிறப்பித்தது. குடாக்களிலும் கழிமுகங்களிலும் கழிவுநீரை விடுதல் படிப்படியாக நிறுத்தப்படல் வேண்டும். விடப்படும் நீர் அந்நீர்நிலையின் தரத்தை மேம்படுத்தும் என மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு உண்டு. இக்கட்டளையை நிறைவேற்ற, குடாவைச் சூழ்ந்த ஊர்கள் அனைத்துக்கும் பொதுவான பெருநிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. குடாவின் அடியில் குழாய் பதித்துக் கழிவுநீரைக் கொண்டு சென்று, தூய்மை செய்து, பெருங்கடலில் விடுவது நோக்கம். செலவோ பல கோடி டாலர். நிலநடுக்கம் மிகுந்த அப்பகுதியில் அக்குழாய் உடைந்தால் என்ன ஆகும்? கழிவுநீரைத் தொலைவுக்கு ஏற்றி இறக்கும் மின்செலவை யார் தாங்குவது? இவ்வினாக்களை ஆர்கேட்டா மக்கள் எழுப்பினர்.

எதிர்ப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கட்டளையிலேயே பொதிந்திருந்த விலக்கை அவர்கள் ஊன்றிப் படித்தனர். ஊரிலிருந்த ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் ஜார்ஜ் ஆலன், தூய்மித்த கழிவுநீரையும் கடல்நீரையும் கலந்த குளங்களில் சால்மன் மீன்குஞ்சுகளை வளர்த்துக் காட்டியிருந்தார். பொறியியல் பேராசிரியர் இராபர்ட் கியர்ஹார்ட்டும், நகரவையைச் சேர்ந்த டேன் ஹவுசரும் அவருக்குத் துணை நின்றனர். சதுப்பு நிலத்தை அமைத்து அதன்வழியே நீரைச் செலுத்தினால் குடாவுக்குக் கேடன்றி நலமே விளையும் என்பது அவர்கள் வாதம்.

சதுப்பு ஆற்றிய பணி

1979இல் மாநில அரசு சோதனைக்கு இசைவளித்தது. சிறு பாத்திகளில் கோரையும் சம்பும் நடப்பட்டன. அவை அடர்ந்து வளர்ந்து நிழல் தந்தன. வெயில் இழந்த பாசி மடிந்து அடியில் படிந்தது. தண்டுகளுக்கிடையே நீர் மெல்ல நகர, அத்தண்டுகளில் குடியேறிய நுண்ணுயிர்கள் எஞ்சிய கழிவைச் சிதைத்தன. இயந்திரம் இன்றிப் பாசிச் சிக்கலுக்குத் தீர்வு பிறந்தது. பல்லாண்டு அளந்து பதிந்த எண்களே அரசின் ஐயத்தை அகற்றின. 1983இல் முழுத் திட்டத்துக்கும் இசைவு கிட்டியது. மூடப்பட்ட குப்பைமேடும் கைவிடப்பட்ட மர ஆலை நிலமும் கிடந்த கடலோரம் சதுப்பாக மாறியது. 1986இல் அமைப்பு முழுமை பெற்றது. மூன்று சதுப்புகள் ஆலன், கியர்ஹார்ட், ஹவுசர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கின. 1987இல் போர்டு அறக்கட்டளை இம்முயற்சிக்குப் பரிசளித்துப் பாராட்டியது. 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்குக் காணப்பட்டுள்ளன. கழிவுநீர் நிலையத்தைக் காண மக்கள் விரும்பி வரும் விந்தையும் நிகழ்ந்தது.

முடிவுறாக் கடமை

எனினும், வெற்றியோடு கடமை முடிந்துவிடவில்லை. மழைக்காலத்தில் பழைய குழாய்களின் விரிசல்வழி மழைநீர் புகுந்து நிலையத்தைத் திணறச் செய்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கருவிகள் தேய்ந்தன. விதிகளும் கடுமையாயின. குளோரினுக்கு மாற்றாகப் புறவூதாக் கதிரால் கிருமிகளை அழிக்கும் முறையை உள்ளடக்கிய புதுப்பிப்புப் பணி 2020களில் மேற்கொள்ளப்பட்டது. கரையோர நிலம் தாழ்ந்து வருவதால், கடல்மட்டம் நிலத்தை நோக்க உயரும் வேகத்தில் அமெரிக்க மேற்குக் கரையிலேயே ஹம்போல்ட் குடா முதலிடம் பெறுகின்றது. நகரைக் காத்த தாழ்நிலமே இனிக் காக்கப்பட வேண்டிய நிலமாகிவிட்டது.

சட்டத்தின் கட்டளை கண்டு அஞ்சி ஆர்கேட்டா தன் சுமையைப் பிறர்மேல் ஏற்றவில்லை. கட்டளையைப் புறக்கணிக்கவும் இல்லை. அதன் சொற்களைக் கற்று, நோக்கத்தை உணர்ந்து, சான்று காட்டித் தன் வழியை நிறுவியது. விதியை எழுதியவர்கள் விரும்பியதும் குடாவின் நலமே. விதியை எதிர்த்து வாதிட்டவர்கள் மெய்ப்பித்ததும் அந்நலமே. கற்றலும் அளத்தலும் கூடிய இடத்தில், கழிவுநீரும் ஓர் ஊரின் பெருமையாகக் கூடும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.