ஈழத்துத் தமிழ்த் திரைப்படமும் ஒலியும்: கருவித் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதியோர் கதை, நடிப்பு, விநியோகம் ஆகியவற்றையே பெரிதும் ஆராய்ந்துள்ளனர். தென்னிந்தியப் படங்களின் போட்டி, சந்தையின் குறுகிய பரப்பு, முதலீட்டின்மை என்பன நம் படங்களின் நலிவுக்குக் காரணங்களாகத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வந்துள்ளன. இவை மறுக்கற்பாலன அல்ல. எனினும், கையிற் சிறுபணம் மட்டுமே உடைய ஒருவர் எந்தக் கருவியைப் பெற்றார், எதனை வேண்டாமென விட்டார் என்ற வினாவும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. கருவித் தெரிவு என்பது எதனைக் காட்டுவது, எவர் குரலைக் கேட்கச் செய்வது என்னும் தெரிவுமாகும். சிக்கனப் படமுயற்சிகளிலே படம் பிடிக்கும் கருவி காலந்தோறும் மலிந்து வந்தது. ஒலிக்கருவி பின்தங்கியே நின்றது. அதனால் நலிந்தது நமது பேச்சுமொழி என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இலங்கையின் முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 இல் வெளிவந்தது. எஸ். எம். நாயகம் தயாரித்த அப்படம் மதுரைச் சித்திரகலா மூவிடோன் கலையகத்திலே படமாக்கப்பட்டது. கருவிகளும் கலையகமும் அங்கிருந்தமையால், ஒரு நாட்டின் மொழி கடல் கடந்து சென்று பதிவாக வேண்டியிருந்தது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தைக் கலையகத்தை விட்டு வெளியே கொண்டு சென்று கிராமத்து வெயிலில் எடுத்தமை திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. அவரும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படம் எடுத்துப் பயின்றவர்கள். குறைந்த ஆளணியும் சுமந்து செல்லத்தக்க கருவியும் போதும் என்னும் துணிவு அவர்களுக்கு அங்கிருந்தே வந்தது எனலாம்.

தமிழில் முதன்முயற்சி 1962 இல் ஹென்றி சந்திரவன்ச இயக்கிய 'சமுதாயம்'. அது 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றர்ப் படமாகும். இவ்வேறுபாட்டின் பொருளைச் சிறு கணக்கொன்று விளக்கும். 35 மில்லிமீற்றர்ச் சுருளில் அடிக்கு 16 சட்டகங்கள். 16 மில்லிமீற்றர்ச் சுருளில் அடிக்கு 40 சட்டகங்கள். செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுமெனின், ஒரு நிமிடத்துக்கு முன்னையது 90 அடியையும் பின்னையது 36 அடியையும் விழுங்கும். நூறு நிமிடப் படமொன்றுக்கு 9,000 அடி எங்கே, 3,600 அடி எங்கே! காட்சியொன்றை மும்முறை எடுப்பதாயின் இவ்விடைவெளி மேலும் மும்மடங்காகும். ஆயினும் மலிந்த சுருளுக்கு ஒரு தண்டம் இருந்தது. நகரத் திரையரங்குகளின் எறிகருவிகள் 35 மில்லிமீற்றருக்கென அமைந்தவை. ஆகவே சிக்கனமாக எடுத்தவர் திரையரங்கை இழந்தார். திரையரங்கை வேண்டியவர் கடனாளியானார்.

ஒலியின் நிலை இதனினும் இடர் மிக்கது. இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 இல் எடுக்கப்பட்டபோது, பம்பாய்க் கலையகத்தின் அருகே புகையிரதப் பாதை இருந்தமையால், வண்டிகள் ஓடாத பின்னிரவிலேயே பெரும்பாலான காட்சிகள் எடுக்கப்பட்டன. ஒலிவாங்கிகள் நடிகர் அருகே மறைத்து வைக்கப்பட்டன. பிற்காலத்தில் எளிதிற் சுமக்கத்தக்க கமராக்கள் வந்தன. ஆனால் அவற்றுட் பல ஓடும்போது தையல் இயந்திரம் போல் இரைந்தன. இரைச்சலை அடக்கும் உறையோ பாரமும் விலையும் மிக்கது. சுவிற்சர்லாந்தில் ஸ்ரெபான் குடெல்ஸ்கி 1950களின் பிற்பகுதியில் ஆக்கிய நாக்ரா ஒலிப்பதிவுக் கருவி, தோளில் மாட்டிக்கொண்டு கமராவுடன் இசைந்து பதிவு செய்ய வழி திறந்தது. எனினும் அத்தகைய கருவி நம்மவர் கைக்கு எளிதில் எட்டுவதன்று. எனவே வாயசைவை மட்டும் படமெடுத்துவிட்டுப் பின்னர்க் கலையகத்திலே குரல் சேர்ப்பது தெற்காசியாவெங்கும் வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் பேச்சுமொழிக்கு இழைத்த தீங்கு சிந்திக்கற்பாலது. யாழ்ப்பாணத்தார் கூறும் 'ஓம்' என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது இசைவு, ஐயம், சலிப்பு, எள்ளல் ஆகிய யாவற்றையும் நீட்டலாலும் குறுக்கலாலும் உணர்த்தவல்லது. வடமராட்சியார் பேச்சின் ஏற்ற இறக்கம் தீவகத்தார் பேச்சினின்றும் வேறுபடும். வயல் வரம்பில் நின்று பேசிய மூச்சும் வேகமும், சில மாதங்களின் பின் மூடிய அறையொன்றில் நின்று தன் உதட்டசைவைத் தானே பார்த்துப் பேசும்போது மீள்வதில்லை. அங்கே நடிகரின் நாக்கு, தான் திரையிலே கேட்டுப் பழகிய தமிழையே நாடும். நாம் திரையிலே கேட்டுப் பழகியதோ கோடம்பாக்கத்துத் தமிழ். நம் படங்களின் உரையாடல் தென்னிந்தியச் சாயல் உடையது என விமர்சகர் கூறிவந்த குறைக்கு எழுத்தாளரின் பேனா மட்டுமன்றி ஒலிப்பதிவு முறையும் பொறுப்பாகும்.

இதனை உறுதிப்படுத்தும் எதிர்ச்சான்று வானொலி. அங்கே ஒலியே யாவும். இலங்கை வானொலி நாடகங்கள் நம் நாட்டின் பல்வேறு பேச்சு வழக்குகளைத் தயக்கமின்றிக் கையாண்டன. எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் வானொலித் தொடர் 1976 இல் 'கோமாளிகள்' என்ற படமாயிற்று. காதாற் பழகிய மொழியையே மக்கள் திரையரங்குக்கும் தேடி வந்தனர் என்பதை இது காட்டும்.

அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972 இல் அமைந்த பின்னர் உள்நாட்டுத் தயாரிப்புக்குச் சற்று ஊக்கம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கிய 'குத்துவிளக்கு' குடாநாட்டு மண்ணையும் மக்களையும் திரைக்குக் கொணர்ந்தது. காவலூர் இராசதுரையின் எழுத்தில் தர்மசேன பத்திராஜா 1977 இல் இயக்கிய 'பொன்மணி' கறுப்பு வெள்ளைப் படம். வணிக வெற்றி பெறாதது. அடுத்த ஆண்டு வந்த 'தெய்வம் தந்த வீடு' வண்ணமும் சினிமாஸ்கோப்பும் கொண்டது. இன்று மாணவர் கூடிப் பேசுவது பெரும்பாலும் முன்னையதைப் பற்றியே. சிங்களவரான ஓர் இயக்குநர் யாழ்ப்பாணத்து வீட்டின் பேச்சையும் மௌனத்தையும் செவிமடுத்தார் என்பதே அதன் பெருமை. திரையின் அகலம் படைப்பின் ஆழத்தைத் தீர்மானிப்பதில்லை. 1983 ஜூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. கருவிகளுடன் படச்சுருள்களும் அழிந்தமை ஈடுசெய்ய இயலாத இழப்பாகும்.

இதன்பின் வந்தது வீடியோ. படமும் ஒலியும் ஒரே நாடாவில் ஒருங்கே பதிவாகும் இக்கருவி, குரலைப் பின்னர்ச் சேர்க்கும் தேவையை ஒரே வீச்சில் நீக்கிற்று. ஆனால் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் பற்றரியும் வடக்குக்குக் கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோ தந்த மின்னில் மக்கள் வானொலி கேட்ட காலம் அது. அத்தகைய நெருக்கடியிலும் ந. கேசவராஜன், ஞானரதன் முதலியோர் வீடியோவிலே படங்களை ஆக்கினர். 2021 ஜனவரியில் மறைந்த கேசவராஜன் போரின் பின்னரும் தம் பணியைத் தொடர்ந்தவர். வீடியோவால் நிகழ்விடக் குரல் நமக்கு மீண்டது. ஆயினும் கமராவோடு பொருந்திய சிறு ஒலிவாங்கி பேசுபவரின் குரலைத் தொலைவிலிருந்தும், வீசும் காற்றை அருகிலிருந்தும் பதிவு செய்தது. மீண்ட குரல் தெளிவாக மீளவில்லை.

போர் 2009 இல் முடிந்தபோது உலகிற் புதியதொரு மாற்றம் தொடங்கியிருந்தது. 2008 இல் வெளிவந்த கனன் 5டி மார்க் 2 என்னும் நிழற்படக் கமரா, பெரிய உணரியைக் கொண்டு உயர்தர வீடியோவையும் பதிவு செய்தது. பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் 'சினிமாத் தோற்றம்' அதனால் எளியவர்க்கும் வாய்த்தது. திருமண வீட்டுப் படப்பிடிப்பாளரிடமும் இவ்வகைக் கமராக்கள் வந்து சேர்ந்தன. அவற்றை இரவல் பெற்ற இளைஞர் குறும்படம் எடுத்தனர். ஆனால் இங்கும் பழைய கதையே தொடர்ந்தது. அக்கருவியில் ஒரே தடவையிற் பன்னிரண்டு நிமிடம் வரையே பதிவு செய்யலாம். தொடக்கத்தில் ஒலியின் அளவைக் கையாற் கட்டுப்படுத்தவும் இயலாது. ஹெட்போன் பொருத்தும் துளையும் இல்லை. என்ன பதிவாகின்றது என்பதைக் கேளாமலே பதிவு செய்த ஓர் இளந்தலைமுறை உருவாயிற்று. 2015 முதல் நடைபெற்றுவரும் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா நம் இளைஞர்க்கு உலகப் படங்களைக் காணும் வாய்ப்பைத் தந்தது. அவற்றைக் 'கேட்கும்' வாய்ப்பும் அதுவே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அண்மைய ஆண்டுகளில் ம. தி. சுதா, பலரிடம் சிறுதொகையாகத் திரட்டிய நிதியைக் கொண்டு, இறுதிப்போர்க் காலத்துப் பதுங்குகுழி வாழ்வைக் கூறும் 'வெந்து தணிந்தது காடு' என்னும் முழுநீளப் படத்தை ஐபோனிலே எடுத்தார். கமராவின் விலை படைப்புக்குத் தடையன்று என்பதற்கு நம் மண்ணின் சான்று இதுவாகும். 2015 இல் அமெரிக்க இயக்குநர் ஷோன் பேக்கர் 'டேஞ்சரின்' படத்தை ஐபோனில் எடுத்துப் புகழ் பெற்றார். அங்கே கமரா கைத்தொலைபேசியாயினும் ஒலிப்பதிவு முறையான கருவிகளைக் கொண்டே செய்யப்பட்டது. காண்போர் படத்தின் குறையைப் பொறுப்பர். சொல் விளங்காவிடின் எழுந்து செல்வர்.

ஒலிக்கருவியின் விலைச்சுவர் அண்மையிலேயே தளர்ந்தது. கம்பியில்லா ஒலிவாங்கி 1950களிலேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் நெடுங்காலம் பெருநிறுவனங்களின் உடைமையாகவே இருந்தது. 2019 இல் அவுஸ்திரேலிய நிறுவனமான ரோட் வெளியிட்ட 'வயர்லெஸ் கோ' தீப்பெட்டியளவிலான அனுப்பியும் வாங்கியும் கொண்டது. 2021 இல் வந்த அதன் இரண்டாம் வடிவில் இரு அனுப்பிகள் உள்ளன. அவை தம்முள்ளேயே ஒலியைச் சேமிக்கவும் வல்லன. இவை வைபைக்குரிய அதே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவன. அவ்வலையை மனித உடல் உறிஞ்சிவிடும். எனவே நடிகர் முதுகைக் காட்டித் திரும்பினாலும், வைபை நெருக்கமான நகரத் தெருவில் நின்றாலும் குரல் அறுபடலாம். அனுப்பிக்குள்ளே சேமிக்கும் வசதி இதனால் ஆடம்பரமன்று, காப்பீடு.

இவ்வரலாற்றின் ஒளியிற் குடாநாட்டில் இன்று படம் எடுக்க முனையும் மாணவர் எவ்வாறு தெரிவு செய்யலாம்? முதலாவது, கமராவைத் தேர்கையில் எத்தனை 'கே' என்பதை வினவு முன் வெளி ஒலிவாங்கிக்கும் ஹெட்போனுக்கும் துளை உண்டா, மங்கிய ஒளியிற் படம் தெளியுமா, பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பவற்றை வினவுதல் வேண்டும். 2022 மார்ச்சில் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாடு இது. அவ்வாண்டில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350க்கு மேல் ஏறியமையால் இறக்குமதிக் கருவிகள் யாவும் எட்டாக்கனியாயின. இருக்கும் கைத்தொலைபேசியையோ பழைய கமராவையோ வைத்துக்கொண்டு, சேர்த்த பணத்தை முதலில் ஒலிக்குச் செலவிடுதலே அறிவுடைமை.

இரண்டாவது, நம் நிலத்தின் ஒலிகளை அறிந்து கருவியைக் கொள்ளல் வேண்டும். சோளகமும் வாடையும் வீசும் காலங்களில் மயிர்த்துணி உறை போர்த்தாத ஒலிவாங்கி கடற்கரையிற் பயன்படாது. பனையோலையின் சலசலப்பு, நீரிறைக்கும் இயந்திரம், திருவிழாக் கால ஒலிபெருக்கி ஆகியவற்றின் நேரம் அறிந்து படப்பிடிப்பை வகுத்தல் வேண்டும். 'ஆலம் ஆரா' குழுவினர் புகையிரத நேரம் பார்த்தது போல. வெற்றுமேனியராய் வலையிழுக்கும் கடற்றொழிலாளரிடம் கொலர் மைக்கை எங்கே ஒளிப்பது? அங்கே நீண்ட கோலிற் கட்டிய ஒலிவாங்கியே துணை. சேலைத் தலைப்பின் உராய்வும் கவனிக்கத்தக்கது. யாவற்றுக்கும் மேலாக, ஒருவர் ஹெட்போனை அணிந்து கேட்டுக்கொண்டே நிற்றல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

இவை படக்கலையைக் கற்போர்க்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்கள் தம் துறைமுகத்தை மீளக் கண்டது 2017 இலேயே. இடைப்பட்ட இருபத்தேழு ஆண்டுகளில் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அக்கரையின் காற்றுப் பெயர்களும் தொழிற்சொற்களும் பெற்றோர் வாய்வழியே மட்டும் கிடைத்தன. அவ்வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. முகங்கள் நிழற்படங்களில் எஞ்சும். குரல் பதிவு செய்யப்படாவிடின் எஞ்சாது. 1962 இற் சுருளுக்குப் பணம் தேடியவர்க்கும் 1990களில் மின்னுக்கு அலைந்தவர்க்கும் வாய்க்காத வசதி இன்று ஒரு மாணவர் குழுவின் கூட்டுப்பணத்துக்கு எட்டும் தொலைவில் உள்ளது. ஆகவே கலைப்பீட மாணவர் தாம் வாங்கும் முதற் கருவியாக ஒலிவாங்கியைக் கொள்வார்களாயின், ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் தன் சொந்தக் குரலிற் பேசும் காலம் தொலைவில் இல்லை.